எதிர்வீட்டுப் பாத்திரங்கள்

என் சமையலறை மேல்தட்டில் அந்தக் குளிர்காலம் முழுவதும் எதிர்வீட்டுப் பாத்திரங்கள் இருந்தன. ஒரு எவர்சில்வர் தூக்கு, பூப்போட்ட பீங்கான் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, ஐஸ்கிரீம் தீர்ந்துபோன பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தேன். ஆசைப்பட்டு வைத்துக்கொண்டவை இல்லை. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிப்போனவை.

நம் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டிலிருந்து பாத்திரத்தில் பண்டம் வந்தால், அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பிப் போகக் கூடாது. நாம் செய்த பலகாரம் ஏதாவது போக வேண்டும். செய்யவில்லையென்றால் நாலு பழம். அதுவும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரை. கடல் தாண்டி பஹ்ரைனுக்கு வந்து, குதைபியாவில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் ஏ.சி. போட்டுக் குடியிருந்தாலும் இந்த வழக்கம் மட்டும் எங்களோடு விசா இல்லாமலே வந்துவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். அதை நான் குறையாக நினைத்ததே கிடையாது. கோபப்படத் தெரியாதவளால் வெளிநாட்டில் குடித்தனம் பண்ண முடியாது. லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் வாட்ச்மேனிடம் போய் நிற்பவள் நான்தான். பள்ளி வேன் தாமதமானால் டிரைவருக்கு அரை இந்தியில் அர்ச்சனை செய்பவளும் நான்தான். என் வீட்டுக்காரர் நேர்மாறு. கடையில் பாக்கிச் சில்லறையை மறந்துவிட்டால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிற மனிதர். கட்டடங்களுக்கு உள்வேலை செய்கிற ஒரு கம்பெனியில் எஸ்டிமேட் போடும் வேலை. நல்ல வேலைதான், கம்பெனி நன்றாக இருந்தவரைக்கும்.

ஊரில் எல்லாருக்கும் வளைகுடா என்றால் துபாய்தான். நாங்கள் இருப்பது பஹ்ரைன் என்று என் தங்கைக்குப் பல வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். போனை எடுத்தாலே “உனக்கென்னக்கா, துபாய்க்காரி” என்பாள். அவளிடம் போய், இங்கே எங்களுக்கு அரிசி வாங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால் சிரித்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் தெரு முனையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த பெரிய கடையில் ஆப்பிளை மட்டுமே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். பாலாடைக்கட்டிக்கென்று தனியாக ஒரு சந்தே ஓடும். அந்த நாட்டில் சாப்பாடு இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில்தான் இல்லாமல் போனது.

எப்படிப் போனது என்றால், ஒரே நாளில் போகவில்லை. முதலில் சம்பளம் தள்ளிப் போனது. அப்புறம் பாதி வந்தது. அப்புறம் அதுவும் நின்றது. ஆபீஸில் கேட்டால் அடுத்த வாரம், இன்ஷா அல்லாஹ். அடுத்த வாரம் போனால், கலாஸ், முடிந்தது, இந்த மாதம் உறுதி. வேலையை விடலாம் என்றால் கூடவே விசாவும் போய்விடும், இவ்வளவு நாள் உழைத்ததற்கு வர வேண்டியதும் கோவிந்தா. வேறு கம்பெனிக்கு மாற முயற்சி செய்துகொண்டுதான் இருந்தார். எனக்குக் குடும்ப விசா. பி.காம். படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அப்படியென்றால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கட்டியிருப்போம். மகள் அந்த வருடம் பத்தாவது. பொதுத் தேர்வுக்குப் பெயர் பதிவாகி, மையமும் அங்கேயே. நடுவில் பிடுங்கிக்கொண்டு போனால் ஒரு வருடம் வீண். மார்ச் மாதம் அவள் கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை மூன்று பேரும் அந்த ஃபிளாட்டில் தாக்குப்பிடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பிள்ளை படிப்பு கெடாமல், தலை குனியாமல் அந்த வருடத்தைத் தாண்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். வெளியே ஒரு ஆளுக்கும் தெரியக் கூடாது. மூழ்குகிற கம்பெனிக்காரன் என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் இந்தச் சின்ன ஊரில் எவனும் இன்டர்வியூவுக்குக்கூடக் கூப்பிட மாட்டான் என்றார். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி மானம். அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கும் அதே மானம்தானே.

இதை யோசித்து யோசித்து எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. பணக்கார நாட்டில் மனிதர்கள் எப்படிப் பட்டினி கிடப்பார்கள் என்று ஆச்சரியப்படுகிறவர்கள் ஒரு மாதம் வாடகை கட்டிப் பார்க்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரன் காத்திருக்க மாட்டான். பள்ளிக்கூடம் காத்திருக்காது. கரண்ட் பில் கட்டாவிட்டால் வெட்டிவிடுவார்கள். போன் இல்லாவிட்டால் வேலைக்குக் கூப்பிடுகிறவன் எங்கே கூப்பிடுவான்? எல்லாவற்றுக்கும் தேதி உண்டு, அபராதம் உண்டு. வயிறு ஒன்றுதான் நாம் சொன்னால் கேட்கும். இன்றைக்கு இவ்வளவுதான், சத்தம் போடாதே என்றால் கொஞ்சம் முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் எல்லாரும் முதலில் வயிற்றின் மேல் கை வைக்கிறார்கள். நாங்களும் வைத்தோம். கார் விற்றுப்போனது. பார்க்கிங் தொல்லை தாங்கவில்லை என்று கட்டடத்தில் சொல்லிக்கொண்டோம்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அதை நான் ஒரு கலையாகவே செய்தேன், சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. காய்கறிக் கடையில் காலிஃபிளவர் இலையை ஒடித்துக் குப்பையில் போடுவார்கள். முயலுக்கு என்று சொல்லி வாங்கிவந்து பொரியல் செய்தேன். எங்கள் வீட்டில் ஏது முயல்? தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு. குப்பூஸ் ரொட்டி அங்கே மலிவு. முந்தின நாள் குப்பூஸைப் பிய்த்து, கடுகு தாளித்து, வெங்காயம் போட்டு உப்புமா கிண்டினால் யாரும் பழையது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்துக்கு மகளின் டிபன் டப்பா ஒரு நாளும் பாதியாகப் போனதில்லை. அவளுடைய சிநேகிதிகள் என் குப்பூஸ் உப்புமாவைப் பிடுங்கித் தின்றுவிட்டு, உங்கம்மா என்ன செஃப்பா என்று கேட்டார்களாம். அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

முதலில் நிறுத்தியது மீன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

எதிர் ஃபிளாட்டில் ஒரு அக்கா இருந்தார். நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரர். அவர் வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் ஃபோர்மேன். அக்காவுக்கு அளந்து சமைக்கவே வராது. நாலு பேர் வீட்டுக்குப் பத்துப் பேருக்கு ஆக்கிவிட்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டுவார். நாங்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்த முதல் நாள், சாமான் பிரிக்காமல் நின்றபோது, சாஃபி மீன் குழம்பும் சோறும் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். மதுரைப் பக்கத்துக்காரியான எனக்கு மீன் சாப்பிடவே தான்தான் சரியாகக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லிச் சிரிப்பார். நான் பதிலுக்குப் பணியாரம், சீடை, கோலா உருண்டை என்று பாத்திரத்தை நிரப்பி அனுப்புவேன். வருடக் கணக்கில் அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவில் பாத்திரங்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

மீன் வாங்குவது நின்றதும், மீன்காரரின் வண்டி கீழே வரும்போது நான் இறங்காததை அக்கா கவனித்துவிட்டார். என்னம்மா, மீன் வேண்டாமா என்று கேட்டார். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். மகள் பத்தாவது நல்லபடியாக முடிக்க வேண்டும் என்று வேண்டுதல், பரீட்சை முடிகிறவரைக்கும் கறி மீன் கிடையாது என்றேன். சாமி பெயரைச் சொல்லிப் பொய்யா என்று கேட்டால், அது பொய்யில்லை. அந்தச் சாமியிடம் நான் அந்த மாதங்களில் கேட்காத நாள் இல்லை. கறி மீன் இல்லாததும் நிஜம். காரணத்தை மட்டும் இடம் மாற்றி வைத்தேன்.

அது வசதியாகப் போய்விட்டது. அப்புறம் செவ்வாய் விரதம். வெள்ளி விரதம். சனிக்கிழமை பெருமாளுக்கு. யாராவது மதியத்தில் வந்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டால் எனக்கு எந்தக் கிழமையிலும் ஒரு விரதம் இருந்தது. மகளுக்கும் அவருக்கும் வைத்துவிட்டுப் பாத்திரத்தில் மிஞ்சினால் எனக்கு. மிஞ்சாவிட்டால் விரதம். கட்டடத்தில் என்னைப் பெரிய பக்திமான் என்று பேசிக்கொண்டார்கள். ஒரு அம்மாள் என்னிடம் வந்து, எந்தச் சாமிக்கு எந்தக் கிழமை என்று கேட்டு எழுதிக்கொண்டுகூடப் போனாள்.

வேண்டுதல் என்று சொன்ன பிறகு அக்கா மீனை விட்டுவிட்டுச் சைவமாக அனுப்ப ஆரம்பித்தார். அவியல், கொழுக்கட்டை, புளியோதரை, தேங்காய்ப்பால் ஆப்பம். எங்கள் வீட்டில் அதெல்லாம் எப்படித் தீர்ந்தது என்று எனக்கும் மகளுக்கும்தான் தெரியும். விரலால் வழித்து, மூடியில் ஒட்டியதையும் சுரண்டி. அக்கா கை மணத்தை நான் அந்தக் காலத்தில்தான் உண்மையாக அறிந்தேன்.

ஆனால் பாத்திரம்? முதல் இரண்டு முறை சர்க்கரை போட்டு அனுப்பினேன். அப்புறம் எங்களிடம் இருந்த சர்க்கரை மகளின் காலைப் பாலுக்குத்தான் பத்தும் என்று ஆனது. உப்பைக் கொடுக்கக் கூடாது. தண்ணீரையா ஊற்றி அனுப்புவது? அடுத்த வாரம் ஏதாவது செய்து போட்டு அனுப்பலாம் என்று கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த வாரமும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். கம்பெனி என் வீட்டுக்காரரிடம் சொன்ன அதே அடுத்த வாரம். தூக்குக்குப் பக்கத்தில் கிண்ணம் வந்தது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஜாடி வந்தது.

பிறகு நான் கதவைத் திறப்பதை நிறுத்தினேன். ஆமாம், சாப்பாடு வாசலுக்கு வருகிறது, உள்ளே அரிசி டப்பாவில் கரண்டி அடியில் தட்டுகிறது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். இன்னொரு பாத்திரத்துக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது என்பதற்காக வந்த சாப்பாட்டை வேண்டாம் என்று விடுகிற பைத்தியக்காரி உலகத்தில் வேறெங்கே இருப்பாள்? எங்கள் ஊர்ப் பெண்களில் இருப்பாள். அந்த வாசனை கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். ஒரு வெள்ளிக்கிழமை மகளும் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பருப்பு உருண்டைக் குழம்பு என்று இருவருக்கும் தெரிந்தது. அக்காவின் செருப்புச் சத்தம் திரும்பிப் போகிறவரைக்கும் நின்றோம்.

அந்த வாரத்தில்தான் கீழே கோல்ட் ஸ்டோரில், அதாவது எங்கள் தெரு மளிகைக் கடையில், அக்காவும் நானும் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். கடையில் இன்னும் இரண்டு பெண்கள். அக்கா விளையாட்டாகத்தான் கேட்டார், என் டப்பாவெல்லாம் உங்க வீட்டிலேயே குடித்தனம் வந்துவிட்டதா, வாடகையாவது வாங்குகிறாயா என்று. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைவரைக்கும் ஏறியது. ஐஸ்கிரீம் டப்பாதானே அக்கா, வேண்டுமானால் புதிதாக ஒரு டஜன் வாங்கித் தந்துவிடுகிறேன் என்றேன். என் கையில் இருந்ததோ ஒரே ஒரு குப்பூஸ் பாக்கெட். ஒரு டஜன் டப்பா வாங்கும் மகாராணியின் கையில். அக்காவின் முகம் அப்படியே வாடியது. அவர் பால் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதோடு தட்டுவதும் நின்றது. நாங்கள் கதவை ஒரே நேரத்தில் திறந்தால் யாராவது ஒருவர் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டோம்.

பரீட்சைக்கு முந்தின படிப்பு விடுமுறை வந்தது. மகள் வீட்டிலேயே இருந்தாள். அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு நாலு தோசைக்குத்தான் மாவு. வீட்டுக்காரருக்கு இரண்டு வைத்து அனுப்பிவிட்டு, மகளுக்கு இரண்டு போட்டேன். ஒன்றைத் தின்றாள். மற்றதை என் பக்கம் தள்ளினாள். “ஐ ஆம் ஃபுல்மா. நீ சாப்பிடு” என்றாள். எனக்குச் சனிக்கிழமை விரதம் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். “நேத்தும் விரதம்மா. அதுக்கு முந்தா நாளும்” என்றாள். அப்புறம், வயிறு நிஜமாகவே நிறைந்துவிட்டது என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டு, கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். பதினைந்து வயதுப் பிள்ளை, வளர்கிற பிள்ளை, வயிற்றைத் தட்டிப் பொய் சொல்லப் பழகிவிட்டாள். அதுவும் என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். அவள் தலை குனியக் கூடாது என்றுதானே இத்தனை வேஷமும். இப்போது அவளும் வேஷம் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று சாயங்காலமே வாசல் மணி அடித்தது. நான் திறந்தேன். அக்கா கை வீசிக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. எப்போதும் என்னை நீ, வா, போ என்று பேசுகிறவர், அன்றைக்கு நீங்க என்றார். அதிலேயே எனக்குப் பாதி உயிர் போனது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மொதல்ல மீனு வேணாம்னீங்க. சரி, வேண்டுதல்னு சைவமா ஆக்கிக் குடுத்தேன். அப்புறம் பாத்திரமே திரும்பி வரல. அப்புறம் கதவையே தெறக்கல, உள்ள ஃபேன் சத்தம் கேக்குது. கடக்கரை ஆளுங்க வீட்டுப் பாத்திரம் உங்க வீட்ல பொழங்கக் கூடாதுன்னா, மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் பாட்டுக்குக் குடுத்துக்கிட்டே இருந்திருக்கேன், நீங்க அதக் குப்பையில கொட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவர். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். சொல்லிவிட்டு நான் வாயைத் திறப்பதற்குள் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

புழங்குவது, புழங்காதது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். எந்த வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், எந்த வீட்டுத் தட்டு உள்ளே வரக் கூடாது என்று கணக்குப் பார்க்கிற ஆட்களை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு எனக்கு வெறுப்பு. அந்த ஆட்களோடு சண்டை போட்டு ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவள் நான். என்னைப் போய் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார் அக்கா. யோசித்துப் பார்த்தால் அவர் அப்படி நினைத்ததில் தப்பும் இல்லை. மீனை விட்டேன், விரதம் என்றேன், பாத்திரத்தைத் திருப்பவில்லை, கதவைத் திறக்கவில்லை. நம் ஊர்க்காரர் எவரும் இந்த நாலையும் கூட்டினால் அந்த ஒரே விடைதான் வரும். பசி என்ற விடை யாருக்கும் வராது. பஹ்ரைனில், ஏ.சி. வீட்டில், இஸ்திரி போட்ட சட்டையில் ஆபீஸ் போகிறவர் வீட்டில் யார் அதை நினைப்பார்கள்?

இரண்டில் ஒன்றுதான். ஒன்று, இந்த வீட்டில் சோறு இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால், இந்த வீட்டுக்காரி மனிதர்களைத் தள்ளிவைக்கிறவள் என்று அவர் காலத்துக்கும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் கேட்டால் யோசிப்போம் என்பார். அதனால் கேட்கவில்லை.

மறுநாள் அவர் ஆபீஸ் கிளம்பினார். மகள் சிநேகிதி வீட்டுக்குப் படிக்கப் போனாள். மேல்தட்டிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். துணிக்கூடையில் அடுக்கினேன். முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டேன், நல்ல சேலையாக எடுத்துக் கட்டினேன். கையேந்தப் போகிறவள் மாதிரி போகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அக்கா கதவைத் திறந்தார். கூடையைப் பார்த்தார். உறவு முறிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார், முகம் கல்லாகிவிட்டது. நான் வழி கேட்காமல் நேராக அவருடைய சமையலறைக்குள் போனேன். அடுப்பில் சாஃபி மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து வைத்தேன். தூக்கின் மூடியைத் திறந்து வைத்தேன். ஜாடியைத் திறந்து வைத்தேன். உள்ளே ஒன்றுமில்லை என்று அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

“எல்லாம் வெறும் பாத்திரந்தான்க்கா. போட்டுத் தர எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. அவருக்குச் சம்பளம் வந்து மாசக் கணக்காச்சு. வேண்டுதலும் கிடையாது, விரதமும் கிடையாது. நீங்க குடுத்தத ஒரு பருக்கை கீழ கொட்டல. வழிச்சுத் தின்னுட்டுத்தான் கழுவினோம். வெறும் பாத்திரமாத் தர வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் கதவத் தெறக்கல.”

அக்கா மேடையில் இருந்த தூக்கைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். நான் எவ்வளவு மெலிந்திருந்தேன் என்று அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும்.

“அடிப்பாவி” என்றார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அக்கா வாயைத் திறக்கவில்லை, அவர் வீட்டுக்காரரிடம்கூட என்று நம்புகிறேன். பாத்திரங்கள் மறுபடி போகவும் வரவும் ஆரம்பித்தன. வரும்போது நிறைந்து வந்தன, திரும்பும்போது வெறுமையாகப் போயின, கட்டடத்தில் எவரும் சாகவில்லை. பரீட்சை நாட்களில் மகள் காலையில் எதிர்வீட்டு இட்லியைத் தின்றுவிட்டு எங்கள் வீட்டு வாசல் வழியாகக் கிளம்பினாள். கடைசிப் பரீட்சையையும் அதே மையத்தில் எழுதினாள். நல்ல மதிப்பெண். என் வீட்டுக்காரருக்கு அதற்குப் பிறகுதான் சோஹாரில் வேறு வேலை கிடைத்தது, நாங்கள் ஓமனுக்குப் போனோம். நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டதெல்லாம், மீன் குழம்பு தனக்கும் வருமா என்பதுதான்.

ஆனால் எனக்கு மனதில் நிற்பது மதிப்பெண் இல்லை, அந்தத் தட்டு. அக்கா சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தார். எதிரில் உட்கார்ந்துகொண்டார். பகல் வேளையில், என் பிள்ளை இல்லாமல், என் புருஷன் இல்லாமல், இன்னொருத்தர் வீட்டில் நான் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முதல் வாயிலேயே காரம் ஏறியது. அப்புறம் நான் நிமிரவில்லை. தட்டு காலியானது.

அக்கா கரண்டியோடு எழுந்து வந்தார். நம் வீடுகளில் அந்த நேரத்தில் என்ன செய்வோம் என்று எல்லாருக்கும் தெரியும். கையைத் தட்டுக்கு மேலே குடையாகப் பிடித்து, ஐயோ போதும் போதும், வயிறு நிறைந்துவிட்டது என்போம். பசியோடு இருந்தாலும் அப்படித்தான் சொல்வோம். என் அம்மா அப்படித்தான் சொன்னாள், நானும் அப்படித்தான் வளர்ந்தேன். முந்தின நாள் என் மகளும் அதைத்தான் சொன்னாள்.

நான் கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோகவில்லை. அக்காவை நேராகப் பார்த்தேன்.

“இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கக்கா” என்றேன். “பசிக்குது.”